வலிய மிடுக்கி

மேற்குத் தாம்பரம்
14 ஜூன் 2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

கன்னியம்மா எழுதுகிறேன். என் நம்பரை நீ பத்து வருடமாக ப்ளாக் செய்து வைத்திருப்பதால் தபாலில் வருகிறேன். முகவரியை உன் மகன் நிகிலிடம் கேட்டு வாங்கினேன். அவனைத் திட்டாதே, நான்தான் விடாமல் நச்சரித்தேன்.

நம் பள்ளிக்கு இந்த டிசம்பரில் பொன்விழா. மலர் போடுகிறார்கள். பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலையை எச்.எம். சிஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். முதல் வருஷம் சேர்ந்து படித்து, இங்கேயே டீச்சராகவும் இருப்பவள் நான் ஒருத்திதானாம். எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே உன் வீடு வந்து நிற்கிறது. முடிச்சூரில் உங்கள் நெற்களம். உன் அப்பா போட்டுக் கொடுத்த கீற்றுக் கொட்டகை. கேரளத்தில் பாலா என்ற ஊரிலிருந்து வந்த மதர் லூசினா, தமிழும் மலையாளமும் கலந்து நமக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தது. அறுவடை வந்தால் நெல் காய வேண்டுமென்று நமக்கு லீவு விட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும், எழுதிவிட்டேன். பிற்பாடு கல்லாங்குத்து மேட்டில் மூன்று அறை கட்டியது, ஹைஸ்கூல் ஆனது, ப்ளஸ் டூ வந்தது, இன்று திருமுடிவாக்கம் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவது, அதையும் எழுதிவிடுவேன்.

நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஏரிக்கரை நிலத்தைப் பள்ளிக்கு எழுதித் தருவதாக உன் அப்பா சொல்லியிருந்தார். நாம் ஆறாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் திடீரென்று மாட்டேன் என்றார், களத்தையும் காலி செய்யச் சொன்னார், உன்னைக் குரோம்பேட்டையில் வேறு பள்ளிக்கு மாற்றினார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு மதரைக் கேட்டபோது தெய்வ சித்தம் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். நீ சொன்னால் உண்டு.

இன்னொன்று. கொட்டகை வாசலில் மதர் நடுவில் நிற்க, நீயும் நானும் இரண்டு பக்கமும் நிற்கும் படம். முழுப் படம் உன்னிடம்தான் இருக்கிறது. மலரின் முதல் பக்கத்துக்கு வேண்டும்.

உன்
கன்னியம்மா


மேடவாக்கம்
23 ஜூன் 2025

மதிப்பிற்குரிய கன்னியம்மா டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கீழே தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் பள்ளியின் பொன்விழாவுக்கு வாழ்த்துகள். உங்கள் பள்ளி என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே என்னுடையது என்று இருப்பது ஒரு கை மட்டும்தான்.

எந்தக் கை என்று கேட்பாய். வெள்ளம் வந்த வருஷம் எங்கள் ஏரிக்கரை மனையில் கட்டிய வீட்டில் முதல் மாடிவரை தண்ணீர். படகில் ஏற்றி எங்களைக் கொண்டுவந்து இறக்கியது உன் பள்ளியில். எந்தப் பள்ளியின் படியை மிதிக்கமாட்டேன் என்று அப்பா இருந்தாரோ அதே பள்ளியில், ஆறாம் வகுப்பு பி பிரிவில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு அவரைப் படுக்கவைத்தேன். நீ சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு மகாராணி மாதிரி வந்தாய். உன் நைட்டியைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாய். உன் உயரத்துக்குத் தைத்தது எனக்கு முழங்காலுக்குக் கீழே கொஞ்சம்தான் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது அந்தப் படத்தைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் மதர், பக்கத்தில் நீ. மதரின் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு சின்னக் கை. கைக்குச் சொந்தக்காரியைக் காணோம். வெட்டிவிட்டிருக்கிறீர்கள். அன்றைக்குத்தான் உன்னை ப்ளாக் செய்தேன். இப்போது தெரிந்துகொள்.

எனக்குப் பொறாமைதான். வெளிப்படையாகவே சொல்கிறேன், இந்த வயதில் இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? எங்கள் களம், எங்கள் கீற்று, எங்கள் வீட்டு மோர். ஆனால் மதரின் மடியில் நீ. உன் அம்மா முத்தாலம்மாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு உன்னை எட்டிப் பார்த்தால் போதும், மதர் உடனே "பாவம், பாவம்" என்று உன் தலையைத் தடவுவார். எனக்கு ஒரு நாள்கூட அந்தப் பாவம் கிடைத்ததில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பார்த்தேன். கீழே விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு பார்த்தேன். டிஞ்சர் தடவி அனுப்பிவிட்டார்.

அப்பா ஏன் நிலம் தரவில்லை என்பது எங்கள் குடும்ப விஷயம். படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பத்திரமாகவே இருக்கும்.

இப்படிக்கு
சந்திரிகா


மேற்குத் தாம்பரம்
20 ஜூலை 2025

சந்திரிகா,

பதில் எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன்.

படத்தை யாரும் வெட்டவில்லை. கறையான் அரித்தது. நீ நின்ற பக்கம் முழுக்க அரித்துப்போய், மீதியைக் காப்பாற்ற சட்டம் போடுகிறவர் ஓரத்தை எடுத்துவிட்டார். இதை நீ அன்றைக்கே என் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அந்த நைட்டி நான் தீபாவளிக்கு எடுத்து உடுத்தாமல் வைத்திருந்தது. அளவு பார்க்கவா நேரமிருந்தது?

பாவம் என்ற சொல்லுக்காகவா நீ இத்தனை வருடம் வயிறெரிந்தாய்? அந்தச் சொல் எனக்கு எப்படி இருந்தது என்று யோசித்திருக்கிறாயா? மீன்காரி பெண், பாவம். அப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, பாவம். நீ புதுப் பாவாடையில் வந்து உட்காருவாய், நான் பாவத்தில் உட்காருவேன். டீச்சரான பிறகும் அது விடவில்லை. என்னை அசிஸ்டண்ட் எச்.எம். ஆக்கலாமா என்று பேச்சு வந்தபோது மதர் சொன்னது, "அவள் பாவமாணு, அவளுக்கு வேண்டாம்." மலையாளத்தில் சாது, வெள்ளந்தி என்று அர்த்தமாம். அர்த்தம் தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. என்னைவிடப் பின்னால் வந்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் சாவிக்கொத்தை மட்டும் ஆட்டினேன், நீ பார்த்த மாதிரி.

ஆகஸ்டில் மலருக்காகப் பாலாவுக்குப் போகிறேன். மதருக்குத் தொண்ணூற்றொன்று ஆகிறது. வயதான சிஸ்டர்கள் இருக்கும் மடத்தில் இருக்கிறார். பேசுகிறாராம். உனக்கு ஏதாவது சொல்லவேண்டுமா?

கன்னியம்மா


மேடவாக்கம்
31 ஜூலை 2025

கன்னி,

போய் வா. நீதான் போகவேண்டியவள். என்னைப்பற்றி ஒரு வார்த்தை பேசாதே. பேச என்ன இருக்கிறது? என்னைப்பற்றி அவருடைய அபிப்பிராயத்தை அவர் எப்போதோ சொல்லிவிட்டார்.

கேட்டாயல்லவா, எழுதிக்கொள். மலரில் போட்டாலும் போடு. ஏரிக்கரை நிலத்தைப் பதிவு செய்கிற விஷயமாக அப்பா மதரைப் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இருக்கிற வேட்டிகளில் நல்ல வேட்டியாகக் கட்டியிருந்தார். மதர் அப்பாவிடம் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவள் வலிய மிடுக்கியாணு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. வெளியே வந்து சைக்கிளை எடுத்தவர், வீடு வருகிறவரை வேகமாக மிதித்தார். கூடத்தில் அம்மாவிடம்தான் சொன்னார்.

"நம்ம எடத்துல உக்காந்துகினு, நம்ம பொண்ணையே மிடுக்கு புடிச்சவன்னு சொல்லுது அந்தம்மா. அதுவும் சிரிச்சிகினே. அந்த மீன்காரம்மா பொண்ணுன்னா பாவமாம், நம்ம பொண்ணுன்னா மிடுக்காம். இதுக்கு நான் நெலத்த வேற எய்தித் தரணுமா?"

அவ்வளவுதான். நான் திமிர் பிடித்தவள் என்று மதர் நினைத்தார். எனக்கும் அது உண்மை மாதிரித்தான் பட்டது. உன்மேல் எரிச்சல்பட்டுக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள்தானே நான். ஆனால் அதற்குக் காரணம் என்னவென்று அவர் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

சந்திரிகா


பாலா
12 ஆகஸ்ட் 2025

அடி சந்திரிகா,

உன் கடிதத்தைப் பிரிக்காமலேயே பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். போகிற வழியில் உன் வசவை வாங்கிக்கொள்ளத் தெம்பில்லை. இன்று மத்தியானம் மடத்து வராந்தாவில் உட்கார்ந்துதான் பிரித்தேன். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த சிஸ்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அழுதுவிட்டேன், அதையும் பார்த்தார்கள்.

மிடுக்கி என்றால் மலையாளத்தில் கெட்டிக்காரி. சமர்த்து. வலிய மிடுக்கி என்றால் மகா கெட்டிக்காரி. திமிர் இல்லை, கர்வம் இல்லை. உன் அப்பாவிடம் மதர் உன்னைப் பாராட்டியிருக்கிறார். பெற்றவனின் காது குளிரட்டும் என்று சொன்ன வார்த்தை அது. உன் அப்பா அதைத் தமிழில் கேட்டுவிட்டார்.

நீ இதை ஒரு முறை, ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருந்தால் போதும். மலையாள சிஸ்டர்களோடு காலம் தள்ளியவள் நான். எனக்குத் தெரியாத வார்த்தையா அது? தெரியும். நன்றாகவே தெரியும். பரீட்சையில் முதல் வந்த பெண்களைக் கூப்பிட்டு மதர் மிடுக்கி என்று கன்னத்தைத் தட்டுவார். நான் முதல் வந்தபோதும் "பாவம், எத்தர கஷ்டப்பட்டு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு முட்டியிருக்கிறேன் தெரியுமா உனக்கு?

இன்னும் கேள். காலையில் மதரைப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் சின்னதாகிப் போயிருக்கிறார். என் பெயரைச் சொன்னேன், தாம்பரம் என்றேன், முத்தாலம்மாள் மகள் என்றேன். என்னை அவருக்குத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாம்பரத்து மிடுக்கி எவிடெ? என்றெ மிடுக்கி எவிடெ?" என்று கேட்டார். கெட்டிக்காரி எங்கே, என் கெட்டிக்காரி எங்கே என்று. காலையில் அது யாரென்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் உன் கடிதத்தைப் படித்ததும் புரிந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிகிறது. ஆறாம் வகுப்போடு போனவள் நீ. அவர் காலில் எண்ணெய் தேய்த்தவள் நான். கேட்பது உன்னை. மலருக்கு ஒரு வரிகூட எழுதாமல் திரும்புகிறேன்.

கன்னி


மேடவாக்கம்
21 ஆகஸ்ட் 2025

கன்னி,

நீ என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நீ அப்படியெல்லாம் சமாதானப்படுத்துகிற ஆளில்லையே என்றும் தோன்றியது. எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் ஸ்டெபின் என்று ஒரு மலையாளப் பையன், நிகில் கம்பெனிதான். லிஃப்டில் அவனிடம் கேட்டேன். "மிடுக்கின்னா செம ஸ்மார்ட் ஆன்ட்டி. ஏன், யாராச்சும் உங்கள சொன்னாங்களா?" என்றான். ஆமாம் என்றேன். என் மாடி வந்து கதவு திறந்தது. இறங்காமல் மறுபடி கீழே போய்விட்டேன்.

ஏன் இத்தனை வருடம் யாரையும் கேட்கவில்லை என்று திட்டாதே. தன்னைத் திட்டிய வார்த்தைக்கு யாராவது போய் அர்த்தம் கேட்பார்களா?

எனக்காகக்கூட இல்லை, அப்பாவுக்காகத்தான் மனசு ஆறவில்லை. மகளை அவமானப்படுத்திவிட்டார்கள் என்ற கோபத்தோடேயே போய்ச் சேர்ந்தார். உன் பள்ளியில் அந்த ஆறாம் வகுப்பு அறையில் படுத்திருந்தபோதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் திரும்பிப் படுத்திருந்தார். இப்போது நீ இதை மலரில் எழுதினால், கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மனிதர், ஒரு வார்த்தை புரியாத முட்டாள் என்று ஊரே சிரிக்கும். எழுதாதே. அப்பா பெயரே வேண்டாம், விட்டுவிடு.

சந்திரிகா


மேற்குத் தாம்பரம்
15 செப்டம்பர் 2025

சந்திரிகா,

விடமாட்டேன். உன் அப்பாவை விட்டுவிட்டால் இந்தப் பள்ளிக்கு வரலாறே கிடையாது. நான் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். படித்துவிட்டுக் கத்து.

"திரு. சம்பந்தம் அவர்கள் தம் நெற்களத்தைத் தந்து பள்ளியைத் தொடங்கிவைத்தார். ஏரிக்கரை நிலத்தையும் தருவதாக இருந்தார். தம் மகளை மதர் பாராட்டிய மலையாளச் சொல் ஒன்று தமிழில் வேறு பொருள் தந்ததால் மனம் நொந்து, அதைத் தராமலிருந்தார். வேறு வழியின்றி மதர் கல்லாங்குத்து மேட்டில் இடம் வாங்கினார். 2015 வெள்ளத்தில் ஏரிக்கரை முழுவதும் மூழ்கியது. மேட்டில் நின்றதால் நம் பள்ளி மூழ்கவில்லை. ஊரையே தன் வகுப்பறைகளில் படுக்கவைத்தது. அன்று இங்கே தங்கியவர்களில் திரு. சம்பந்தமும் ஒருவர். அவர் நிலம் தந்திருந்தால் இந்தப் பள்ளி அன்றைக்குத் தண்ணீரில் இருந்திருக்கும். அவர் தந்ததற்கும் நன்றி, தராததற்கும் நன்றி."

எச்.எம். சிஸ்டர் படித்துவிட்டுக் கடைசி வரி கேலி மாதிரி இருக்கிறதே என்றார். இல்லை சிஸ்டர், மனசாரத்தான் எழுதினேன் என்றேன். மகளுக்காக ரோஷப்பட்டவரை யாராவது முட்டாள் என்பார்களா? எனக்காக அப்படிக் கோபப்பட ஓர் அப்பா இல்லையே என்றுதான் எனக்கு இருந்தது. இதிலும் உன்மேல் பொறாமைதான், போ.

படம் எப்போது வரும்? அச்சகத்தில் முதல் பக்கம் காலியாகக் கிடக்கிறது.

கன்னி


மேடவாக்கம்
30 அக்டோபர் 2025

கன்னி,

அப்பாவைப்பற்றி எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. அதை நகலெடுத்து அவர் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் பாலாவுக்குப் போய் வந்தேன். சொன்னால் நீயும் கூட வருவாய். நான் தனியாகப் போய் அந்த வார்த்தையை என் காதால் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவர் வாயால் மிடுக்கி என்று எனக்கு, எனக்கு மட்டும். நம் படத்தையும் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன்.

போய் எதிரில் உட்கார்ந்து, மதர், நான்தான் உங்கள் மிடுக்கி, சம்பந்தம் மகள் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் தலையில் கைவைத்து "பாவம்" என்றார். நரைத்த தலையைத் தடவித் தடவி, "பாவம், பாவம்."

சின்ன வயதில் காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கேட்டது, முட்டியைப் பேர்த்துக்கொண்டு கேட்டது, இப்போது கிடைத்தது. உனக்கு வெறுத்துப்போன வார்த்தைதானே, நான் வைத்துக்கொள்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும்.

படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். என் முகத்தில் விரலை வைத்து, "இது களத்துக்காரரின் குட்டி. எப்போழும் முகம் வாடியிருக்கும். பாவம்" என்றார். உன் முகத்துக்கு விரலைக் கொண்டுபோனார். உன் அம்மா எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்ட அந்த ரெட்டைச் சடை. அதன்மேல் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. "இதாணு என்றெ மிடுக்கி" என்றார். "மீன்காரியுடெ மோள். எவிடெ இவள்?"

கூட இருந்த சிஸ்டர், ஞாபகம் மாறிமாறி வரும், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மாறி வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உன் அம்மாவைச் சரியாகச் சொன்னாரே, உன் சடையைச் சரியாகத் தொட்டாரே.

ஊருக்கு வந்து இதை உனக்கு எழுத மனசே வரவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று விட்டுவைத்தேன். உன்னிடம் இருப்பதெல்லாம் போதாதா, இதையும் கொடுக்கவேண்டுமா என்று அப்படி ஒரு ஆத்திரம். நேற்று தண்ணீர் லாரிக்குக் காத்துக்கொண்டிருந்தபோது நினைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையைப் போய்ச் சரியாகக் கேட்காததால் எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். கேட்ட வார்த்தையை மறைத்தால் நான் அப்பாவைவிட மோசம்.

படத்தை இதோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். திருப்பித் தரவேண்டும். உன் நம்பரை ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனாலும் கூப்பிடாதே, நான் அழுவேன்.

சந்திரிகா


மேற்குத் தாம்பரம்
8 நவம்பர் 2025

என் சந்திரிகாவுக்கு,

படம் வந்தது. அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். படத்துக்குக் கீழே நம் இரண்டு பேர் பெயரும், நடுவில் மதர் பெயரும் இருக்கும். வேறு எதுவும் போடவில்லை.

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். பத்தாவது பிள்ளைகளுக்கு வகுப்பு இருந்தது, போகவில்லை. அவர்களே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார்களாம்.

என் மிடுக்கி எங்கே, என் மிடுக்கி எங்கே என்று மதர் அன்றைக்குத் திருப்பித் திருப்பிக் கேட்டாரே. நான் அவர் எதிரில்தான்டி உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை மதர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விழா முடிந்ததும் பாலாவுக்கு டிக்கெட் போடுகிறேன். இரண்டு டிக்கெட். ஜன்னல் சீட் எனக்குத்தான்.

கன்னி